ஏழாவது பந்து

1980 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக வீசி, மைதானத்து மணலை என் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஓவரில் மூன்று பந்துகள் முடிந்திருந்தன. ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி என்ற வழக்கப்படி நான் மூன்று புள்ளிகள் வைத்திருந்தேன்.

பாங்கு கேட்டால் ஓவர் பாதியில் நின்றாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது எங்கள் ஊர் மைதானத்தின் வழக்கம். ஆட்டக்காரர்கள் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். விட்ட இடம் எது என்பதை இரண்டு பேர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் நடுவர், மற்றவர் ஸ்கோர் புத்தகத்தில் புள்ளி எழுதும் நான். நான் பாடசாலையில் கணித ஆசிரியர். அந்தச் சுற்றுப்போட்டியின் பதினைந்து ஆட்டங்களையும் நானே எழுதினேன். ஒரு பந்தும் தவறவில்லை.

நடுவர் கல்முனைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். பந்துகளை எண்ண ஆறு பேரீச்சம் விதைகள் வைத்திருப்பார். நோன்பு முடிந்து பன்னிரண்டு நாட்கள்தான் ஆகியிருந்ததால் விதைகள் புதியவை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விதையை இடது சட்டைப்பையிலிருந்து வலது சட்டைப்பைக்கு மாற்றுவார். நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் குனிந்தால் விதைகள் கொட்டிவிடும் என்று அவற்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று ஒரு பக்கம், மூன்று மறு பக்கம். நான் தொழுதுவிட்டு அவருக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்டேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தார், யாரிடமோ பேசிக்கொண்டே ஆறு விதைகளையும் ஒரே பிடியாக அள்ளினார், இடது பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதை நான் பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.

ஏன் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பந்து வீசிக்கொண்டிருந்தவர் சம்மாந்துறை வீதியில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் இளைஞர். எதிரணிக்காரர், வயது இருபத்து மூன்று. நாளெல்லாம் மூட்டை சுமக்கும் தோளில் அவ்வளவு லாவகம் எப்படி இருந்ததென்று எனக்கு விளங்கவில்லை. பத்தொன்பது அடி ஓடி வருவார். பந்து தரையில் விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று காலை அவர் தன் கணக்கைக் கேட்க மேசைக்கு வந்தார்.

"சேர், நான் இப்ப எத்தின விக்கெட்?"

"பத்தொன்பது. எங்கட பொடியன் இருபத்தொண்டு. அவர் எறிஞ்சு முடிஞ்சுது."

"அப்ப இண்டைக்கு மூண்டு வேணும்."

"மூண்டு எடுக்கிறது லேசில்ல தம்பி. ரெண்டு எடுத்துச் சமனா வந்தா, சராசரி குறைஞ்சவருக்குத்தான் கோப்பை. உம்மட சராசரி கூட."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "சேர் பென்சிலால எங்கள எல்லாரையும் அவுட்டாக்கிப் போடுவார். சேர், நீங்க ஒரு பந்தாவது போட்டிரிக்கீங்களா?"

பதினொரு பேர் சிரித்தார்கள். எங்கள் கழகத்தவர் நால்வரும் அதில் அடக்கம். நான் பந்து போட்டதில்லை. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

அந்த மூன்று விக்கெட்டுகள் அவருக்கு எதற்கு என்பது ஊருக்கே தெரியும். கொழும்பிலிருந்து ஒரு கம்பெனியின் விளையாட்டுப் பொறுப்பாளர் இறுதி ஆட்டம் பார்க்க வந்திருந்தார். சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையை வாங்குபவருக்குக் களஞ்சியத்தில் வேலை, வார இறுதியில் கம்பெனி அணியில் ஆட்டம் என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். அந்த இளைஞருக்கு வாப்பா இல்லை. ஒரு தங்கை இருந்தாள். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் நிக்காஹ் நடக்கும். அந்த வீட்டுக்கு நான்கு சுவர்கள் எழும்பி, கூரை இல்லாமல் பதினான்கு மாதங்களாக நின்றன. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த நோன்பு வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

தொழுகைக்கு முன்பே இரண்டு விக்கெட் எடுத்திருந்தார். இன்னும் ஒன்று வேண்டும். எங்கள் அணியில் கடைசி ஆள் மட்டையோடு நின்றார். வெல்ல நாற்பத்தாறு ஓட்டங்கள் தேவைப்பட்டதால் வெற்றி தோல்வி முடிந்த கதைதான்.

நான்காவது பந்து, ஐந்தாவது பந்து, ஆறாவது பந்து. ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தேன். ஆறு முடிந்ததும் நான் கையை உயர்த்தியிருக்க வேண்டும். புள்ளி எழுதுபவரின் கடமை அது. பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நடுவர் பையில் இன்னும் மூன்று விதைகள் இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஏழாவது பந்து வெளியே குத்தி உள்ளே திரும்பி நடுக் குச்சியைச் சாய்த்தது. ஆட்டம் முடிந்தது. அவர் அணியினர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பரிசளிப்புக்கு முன் எங்கள் கழகத் தலைவர் மேசைக்கு வந்தார். எங்கள் பந்துவீச்சாளர் அவருடைய தங்கை மகன்.

"என்ன மாஸ்டர், அவன் இருபத்திரண்டாப் போயிட்டானோ?"

"இல்ல. கடைசி விக்கெட் ஏழாவது பந்தில. ஓவருக்கு ஆறுதான்."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "நல்லா எண்ணினீங்களா?"

"நான் எண்ணாம எழுதுறல்ல."

நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் பைகள் இரண்டையும் மேசையில் கவிழ்த்தார். ஒரு பையில் நான்கு, மற்றதில் இரண்டு. "நாலாவது பந்தெண்டுதான் நான் நினைச்சன்," என்றார். பிறகு தொழுகைக்கு முன் நான் புத்தகத்தில் வைத்த மூன்று புள்ளிகளைப் பார்த்து, விதைகளைப் பொறுக்கிக்கொண்டார். ஆட்டத்தின் முடிவை மாற்ற வேண்டாம், அந்த விக்கெட் மட்டும் பந்துவீச்சாளர் கணக்கில் சேராது என்று தீர்ப்பாயிற்று. ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார், ஆனால் யாரும் அவரை ஆட்டமிழக்கச் செய்யவில்லை. இதை நான் நீல மையால் எழுதினேன்.

இருவருக்கும் இருபத்தொன்று. எங்களவர் கொடுத்தது 197 ஓட்டங்கள், சராசரி 9.38. அவர் கொடுத்தது 199, சராசரி 9.48. வித்தியாசம் ஓர் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. கோப்பை எங்களவருக்குப் போனது. கூட்டத்திலிருந்து ஒருவர், "மூட்ட எண்ணத் தெரியும், பந்தெண்ணத் தெரியாதோ?" என்று அவரைக் கேட்டார். நிறையப் பேர் சிரித்தார்கள். அதை நான் எண்ணவில்லை.

அந்த இளைஞர் நேராக என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

"சேர், அது ஏழாவது பந்துதானா?"

"ஓம்."

"ஆறு முடிஞ்சது உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"மறுகா ஏன் சேர் கைய உசத்தல்ல?"

காற்றில் பக்கம் பறக்காமல் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

எங்களவர் கொழும்புக்குப் போனார். ஏழு மாதங்களில் வீட்டு நினைவு தாங்காமல் வேலையை விட்டுத் திரும்பி வந்தார்.

1982 தொடக்கத்தில் பரீட்சை விடைத்தாள் திருத்த நான் கொழும்புக்குப் போனேன். ஒரு பழைய புத்தகக் கடையில் கிரிக்கெட் சட்டப் புத்தகம் கிடைத்தது. அதுவரை நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஊரில் எவரும் கண்டதில்லை. கேள்விப்பட்டதை வைத்தே ஆடினோம், எழுதினோம். தங்கியிருந்த அறைக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஓவர் பற்றிய சட்டத்தின் கீழ் ஒரே ஒரு வரி. நடுவர் பந்துகளைத் தவறாக எண்ணினால், அவர் எண்ணியபடியே அந்த ஓவர் நிற்கும். அதாவது ஏழாவது பந்து நல்ல பந்து. விக்கெட்டும் நல்ல விக்கெட். வாசித்த பிறகு அறையின் ஓடுகளை எண்ணினேன். எண்ணிக்கை மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த மில்லுக்குப் போனேன். அந்த இளைஞர் வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, உள்ளே போகும் மூட்டைகளுக்குச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் போட்டார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

"வாங்க சேர். இப்ப நானும் எண்ணுறதான்," என்றார். "நாலு நேர்கோடு, அஞ்சாவது குறுக்க. பிழைக்காது."

கூரைக்குக் காசு சேர்க்க இரவு வேலையும் சேர்த்துச் செய்தாராம். அதற்கு முந்திய செப்டெம்பரில் உறக்கக் கலக்கத்தில் கை மில் பெல்ட்டுக்குள் போயிருந்தது. கூரைக்குச் சேர்ந்தது ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. தங்கையைக் கேட்டவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவையும் மூட்டைகளுக்கு இடையில், கோடு தவறாமல் சொன்னார்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிப் புத்தகத்தைத் திறந்தேன்.

"வாசிங்க சேர்."

வாசித்துத் தமிழிலும் சொன்னேன்.

"அப்ப எனக்கு எத்தின?"

"இருபத்திரண்டு."

"அவருக்கு?"

"இருபத்தொண்டு."

அவர் ஒரு கோடு போட்டார். "புத்தகம் எப்ப எடுத்தீங்க?"

"ஜனவரியில."

"ஏழு மாசத்துக்கு முந்தி கொண்டந்திருந்தா வலக் கையால வாங்கியிருப்பன்." இடது கையை நீட்டினார். "இதால வாங்குறன், குறை நினைக்காதீங்க."

எங்களில் யாரும் இடது கையால் எதையும் வாங்குவதில்லை, கொடுப்பதில்லை. நான் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தகத்தை முழங்காலில் வைத்து, நான் விரல் வைத்துக் காட்டிய வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் சட்டைப்பையில் ஒரு நூறு ரூபாத் தாள் மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன்.

"இது எத்தினையாவது பந்துக்கு சேர்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே மூட்டை தூக்கியவர்கள் இருவர் நின்று சிரித்தார்கள்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கழகத்தில் போய்ச் சொல்லி, கோப்பையை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "அத எந்தக் கையில பிடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூட்டைக்குக் கோடு போடத் திரும்பினார். நான் கழகத்தில் எதுவும் சொல்லவில்லை. நடுவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே இருந்த இருபத்தொன்றை இருபத்திரண்டாக்கினேன். அதை இன்றுவரை வேறு யாரும் திறந்து பார்க்கவில்லை.

சட்டப் புத்தகத்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் விலை பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். மில்லுக்குப் போய்வரப் பஸ்ஸுக்கு மூன்று ரூபா. இந்த விடயத்தில் எனக்கு ஆன செலவு, மொத்தம் பதினைந்து ரூபா ஐம்பது சதம்.