சுனாமிக்கு முன்னால் ஒரு பொத்தான்

திருவேட்டக்குடிக் கரையில் அலை முறிகிற இடத்தைப் படகு தாண்டும்போது, இன்ஜின் கைப்பிடி சிங்காரவேலு கையில் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் வீடு எங்கள் தெருவில்தான். மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் தொந்தரவு இருந்ததில்லை.

சுனாமியில் வீடு போயிற்று. ஆட்கள் தப்பினார்கள். கொட்டகையில் தங்கியிருந்தபோதுதான் அவர் வலது கை ஆடுவதை எல்லோரும் கவனித்தோம். சும்மா மடியில் கிடக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அப்போது ஊரில் பாதிப் பேர் முகம் அப்படித்தான் இருந்தது. அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கடலைக் கண்ட பயம் என்றார்கள்.

முகாமுக்கு வந்த டாக்டர், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சுனாமியிலிருந்து என்றார் மனைவி பவுனம்மாள். அந்த நாட்களில் பல்வலி எப்போது வந்தது என்று கேட்டாலும் எங்கள் ஊரில் அதுதான் பதில். அதிர்ச்சி என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார் டாக்டர்.

நிவாரணமாகப் புதுப் படகு வந்ததும், கடலுக்குக் கூட்டிப்போனால்தான் பயம் தெளியும் என்று மாமாவின் தம்பி சுப்ராயன் அவரை ஏற்றிக் கைப்பிடியைக் கொடுத்தார். பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் அலை எழுந்து வந்தபோது கை திரும்ப நேரமாயிற்று. படகு பக்கவாட்டில் அலையை வாங்கிச் சாய்ந்தது. சுப்ராயன் பாய்ந்து கைப்பிடியைப் பிடுங்கித் திருப்பினார். யாருக்கும் அடியில்லை.

"அண்ணன் கடலப் பாத்து ஒறஞ்சு போயிட்டாரு" என்றார் கரையேறியதும்.

சிங்காரவேலு மறுக்கவில்லை. "இனிமே நீயே புடிடா" என்று மட்டும் சொன்னார். ஊர் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். கரையில் உட்காரும்போது கையைத் துண்டால் மூடிக்கொள்வார். இவரைக் கட்டுமரத்தில் உட்காரவைத்தால் இந்தக் கை ஆட்டத்திலேயே இன்ஜின் இல்லாமல் நாகூர் போய்விடலாம் என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில், நடக்கும்போது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்து, வாசல்படியில் விழுந்தார். தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மருந்துச் சீட்டுகளைப் படித்துச் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். விரல்களைத் தட்டச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், தாழ்வாரத்தில் நடக்கவிட்டார். பிறகு அதே கேள்வி. அதே பதில்.

"சுனாமிக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையாம்மா? சட்டைப் பொத்தான் போடுறது, சோறு பெசையுறது?"

பவுனம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுக்கு முந்துன ஆவணில எந்தங்கச்சி மவ கல்யாணம். பொத்தான் போட முடியாம நின்னுக்கிட்டிருந்தாருங்க. புது மாப்பிள்ளைக்குப் பொத்தான் மாட்ட ஆளு வேணுமோன்னு நாந்தான் கேலி பண்ணுனேன். நடக்கயில ஒரு கை வீசாம தொங்குச்சு. அதையும் பாத்தேங்க."

டாக்டர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ஓய்வில் வரும் நடுக்கம். அசைவு மந்தம். தசை விறைப்பு. முகத் தசைகள் அசைவு குறைந்து முகமூடி போட்டதுபோல் ஆவது. எல்லாம் சேர்ந்து பார்க்கின்சன் நோய். பயம் என்கிற ஒரே சொல்லுக்குள் நாங்கள் அடைத்துவைத்திருந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தார்.

"அப்ப இது பயமில்லீங்களா?" என்று மாமா கேட்டார். இப்போதெல்லாம் அவர் குரலே மெலிந்துபோயிருந்தது.

"பயத்தால வர்றதில்ல பெரியவரே. மூளையில ஒரு சத்து கொறையுது. முன்னாடியே வந்திருந்தா இத்தன நாள் லேசா இருந்திருக்கும்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்றுதான் டாக்டர் சொல்லிவிட்டாரே. பஸ்ஸில் பவுனம்மாள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, காரைக்கால் வரும்வரை அந்தக் கல்யாண நாளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாத்திரையில் உடம்பு கொஞ்சம் இளகியது. ஒருநாள் படகு கரையேறும் நேரத்துக்கு மாமா அடி அடியாக நடந்துபோய்த் தம்பியின் முன்னால் நின்றார். துண்டு தோளில் கிடந்தது.

"டேய், அது பயமில்லையாம். நரம்புல கோளாறாம்."

சுப்ராயன் வலையிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப நாளக்கி வாண்ணே. நீயே புடி."

"வேணாம்டா. இன்னமும் கை மெதுவாத்தான் கேக்குது. ஆளுங்க உசுரு இருக்குல்ல. அன்னக்கி கைப்பிடிய ஒங்கிட்ட குடுத்தேன் பாரு, பயந்தவன் மாதிரி... ஒடம்பு முடியலன்னு சொல்லிக் குடுத்திருக்கலாம்."

ஆடுகிற கையை மூடாமல் அங்கேயே மணலில் உட்கார்ந்தார். சுப்ராயன் வலையை உதறிக்கொண்டே இருந்தார். அதில் மீன் எதுவும் மிச்சமில்லை.