மாப்பிள்ளை கொண்டுவந்த தூசி

வைகாசி பதினொன்று, காலை ஆறு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகமில்லை, மேல்காற்று. வலங்கைமானுக்குத் தெற்கே என் ஒரு ஏக்கர் வயலில் லாரி சாம்பல் நிறத் தூசியைக் கொட்டியது. குவியலின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து, கால்கள் வெளுத்து எழுந்து போனது. அதைப் பார்த்துச் சிரித்தேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

கொண்டுவந்தவர் என் தங்கையின் கணவர். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு சிமெண்ட் ஆலையில், சூளைப் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். முன்பெல்லாம் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் துவைத்த துணி காய்வதற்குள் தூசி படிந்துவிடும், பிள்ளைகள் இருமிக்கொண்டே இருக்கும் என்று அவரே சொல்வார். பிறகு, "என் ஷிஃப்ட்ல புகைபோக்கி மேல காக்கா உக்காந்தா கறுப்பாவே எந்திரிக்கும், மச்சான்" என்பார். இருபத்திரண்டு ஆண்டுகள் அதை ஊரெல்லாம் சொல்லி நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். பிடித்த தூசி எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"காத்துல போகாம பிடிச்ச சுண்ணாம்பு. ஊரும் தப்பிச்சுது, உங்க வயலுக்கும் சத்து. சும்மா வருது, மச்சான்" என்றார். ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க நினைத்தேன். கொடுத்தால் தங்கை காதுக்குப் போகும். மாப்பிள்ளை கொண்டுவந்ததைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று வந்த இரண்டு லோடையும் நிரவி உழுதேன். லாரிக்காரருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

சம்பா நட்ட இருபதாம் நாள் பயிர் துருப்பிடித்த தகரம்போல் ஆனது. "களர் ஏறிடுச்சு சார், என்னத்தக் கொட்டுனீங்க?" என்றார் மண் பரிசோதனை அதிகாரி. "கணக்கு வாத்தியாரு, கடைக்காரன் குடுத்த சில்லறைய மூணு தடவ எண்ணுவீங்க. மாப்பிள்ளைன்னா மட்டும் எண்ணாமலே வாங்கிப்பீங்க" என்றாள் மனைவி.

தை கடைசியில் அறுப்பு முடிந்ததும் அதே லாரி வந்தது. அடுத்த லோடை எங்கே கொட்டுவது என்று ஓட்டுநர் கேட்டார். இரண்டு வரப்பு தள்ளியிருக்கும் மாப்பிள்ளையின் வயலைக் காட்டினேன்.

"நல்லா சொன்னீங்க போங்க! அவரு வயல்ல ஒரு கூடைகூட விழக்கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு சார். இத ஒதுக்குறதுக்குத்தானே கம்பெனியில லோடுக்கு இவ்ளோன்னு வாங்குறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். "உங்க வயலுக்கு ஏன் போடலீங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். ஏற்கெனவே ஆறிப்போயிருந்த காப்பியை இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க மண்ணுக்கு அது ஒத்துக்காது, மச்சான்."

இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மண். முகம் தெரியாத ஊர்களின் மூச்சைக் காப்பாற்றியவர் அவர்; அதில் பொய்யில்லை. அந்த மனிதர்தான் தூசியைக் கொட்ட இடம் தேடியபோது, கேள்வி கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று காலையும் வரப்பில் நின்றேன். மேல்காற்றுக்கு இன்னும் வெளுப்பு எழுகிறது. ஒரு காக்கை வயலில் இறங்கியது. அதன் கால்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். மேல்மண் சுரண்டிய கூலி, களரைப் போக்கப் போட்ட ஜிப்சம், தக்கைப்பூண்டு விதை, மூன்று சம்பா நஷ்டம், லாரிக்காரருக்கு வாங்கிக் கொடுத்த டீ வடை உட்பட, ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நாற்பது ரூபாய்.