பாண்டா என்று சொன்னவள்

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் கார் வைத்திருப்பவர்களை விரல் மடக்கி எண்ணிவிடலாம். அதனால்தானோ என்னவோ, அங்கே மனிதருக்கும் வண்டிக்கும் ஒரே பெயர். மருந்து கொடுக்கிறவர் ‘அல்டோ ஐயா’. கடை முதலாளி ‘வேகன்ஆர்’. கணக்கு வாத்தியார் நிரஞ்சன் ‘பாண்டா சார்’. எந்தக் கம்பனி செய்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. காரின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஓட்டுகிறவரின் பெயர். ஊர் வாயில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் பிறகு பிரதேச செயலகமே வந்தாலும் மாற்ற முடியாது.

நிரஞ்சன், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரத்தினம்மாவின் மகன். தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். அவன் பட்டம் வாங்கிய படத்தை ரத்தினம்மா சாமிப் படங்களுக்கு மேலே மாட்டினாள். கீழே மாட்டு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சில வருடங்கள் கழித்து அவன் அந்தச் சின்ன வெள்ளைக் காரைக் கொண்டு வந்து லயத்து வாசலில் நிறுத்தியபோது, வேலைக்குப் போனவர்கள் தவிர எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“என்னா காரு தம்பி இது?”

“பாண்டா, மாமா.”

“பண்டாவா? அடேய், கிராமசேவகர் பண்டா மாத்தயாவ அவுங்க வூட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்கடா! கொண்டுபோய் விட்டுட்டு வா!” என்றார் வீரையா. லயமே சிரித்தது. வீரையாவின் மனைவி ஜெயராணிதான் நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தாள். காய்கள் நசுங்கிய சத்தத்தைக் கேட்டு ரத்தினம்மா அழுதாள்.

ஜெயராணிக்கும் அன்று கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதற்குக் காரணம் வேறு. அவள் மகன் ரமேஸும் நிரஞ்சனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரமேஸ் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் முன்னே, ‘நிரஞ்சனப் பாருடா’ என்ற சொல் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும். அந்தச் சொல்லை அங்கே உட்கார வைத்தவள் ஜெயராணிதான்.

ஐப்பசி மழைக் காலம். தெல்தெனியவுக்குச் சாமான் வாங்கப் போன புருஷனும் பெண்சாதியும் பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். மூடுபனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. மாவுப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு வீரையா முன்னால் ரோட்டைக் கடந்தார். ஜெயராணி குடையை விரிக்க நின்றாள். விரிக்காத குடை கையில் இருக்கும்போதே வளைவிலிருந்து ஒரு கார் வந்தது. ஒரு சத்தம் கேட்டது. மாவு வெள்ளையாக எழும்பி மழையில் கரைந்தது.

கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. யாரோ இறங்கப் போகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். யாரும் இறங்கவில்லை. கார் உறுமிக்கொண்டு வளைவில் மறைந்துவிட்டது. நம்பர் சேற்றில் தெரியவில்லை. பெயர் மட்டும் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவள், இங்கிலீஸ் எழுத்தும் கூட்டிவிடுவாள். அப்படிக் கூட்டவும் அவசியம் இருக்கவில்லை. தினமும் பார்த்துப் பழகிய ஐந்து எழுத்து.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், திகன தாண்டியதும், அவள் மடியிலேயே வீரையா அடங்கிப்போனார். வேனை ஓட்டிய பையன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“என்னா வண்டி அக்கா?”

“பாண்டா” என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் அந்தச் சொல் நேராகப் போய் நிற்கும் வாசல் ஒன்றுதான் இருந்தது. பிரேதம் வீடு வந்து சேரும் முன்னே நிரஞ்சனின் காருக்குக் கண்ணாடி இல்லாமல் போயிற்று.

அன்று மாலை கண்டியில் வகுப்பு முடிந்து தனியாக அதே ரோட்டில்தான் வந்தேன் என்று நிரஞ்சனே ஒத்துக்கொண்டான். முன் பம்பரில் இடப்பக்கம் ஒரு வெடிப்பு இருந்தது. போன மாதம் நாய்க்கு ஒதுக்கியபோது கல்லில் உரசியது என்றான். நாய் வந்து சாட்சி சொல்லுமா? பொலிஸ் காரைக் கொண்டுபோனது. அவனையும் கொண்டுபோய்ப் பிறகு பிணையில் விட்டது. அவனிடம் கணக்குப் படித்த பிள்ளைகளை அம்மாமார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தினம்மா தண்ணீர்ப் பைப்புக்கு வந்தால் மற்றப் பெண்கள் பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மலையில் அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அவள் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

இதையெல்லாம் ஜெயராணி தன் வாசலில் இருந்தபடியே பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டாள். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. செத்தவரை நினைத்தால் நெஞ்சை அடைத்தது. கொன்றவனை நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ‘என் கையால் தேசிக்காய் வாங்கிய வண்டி’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வந்தது.

கருமாதி முடிந்த பிறகு காரை அடையாளம் காட்ட வரச் சொல்லி பொலிஸில் இருந்து ஆள் வந்தது. ரமேஸும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தியாகராஜாவும் கூடப் போனார்கள். பொலிஸ் வளவில், கண்ணாடி இல்லாத அந்த வெள்ளைக் கார், மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றது. சுவரோரம் நிரஞ்சன் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. ஜெயராணி அவன் பக்கம் பார்க்கவில்லை.

சார்ஜன்ட் சிங்களவர், தெரிந்த தமிழில் பேசினார். கூட ஹபீல் என்ற வாகனப் பரிசோதகர், அக்குறணைப் பக்கத்து ஆள்.

“பம்பர் வெடிப்பு பழசு மாதிரித்தான் தெரியுது” என்றார் ஹபீல். “ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது. அம்மா சொல்றதுதான் இனி.”

“பாருங்க அம்மா, நல்லா பாருங்க. இது தானே?” என்றார் சார்ஜன்ட்.

அவள் முன்பக்கம் போய் அந்த வெடிப்பைப் பார்த்தாள்.

“நீங்க அண்டைக்கு முன்பக்கம் பாக்கலியே. பின்னால வந்து பாருங்க” என்றார் ஹபீல்.

பின்னால் போனாள். அதே ஐந்து எழுத்து. “அதே தான் சார்” என்றான் ரமேஸ், அவள் வாய் திறக்கும் முன்னே. அவளும் கையைத் தூக்கிக் காட்டப் போனாள். தூக்கிய கை பாதியிலேயே நின்றது.

விளக்குகள் வட்டமாக இருந்தன. ஒரு பெரிய வட்டம், அதற்கு மேலே சின்னச் சின்ன வட்டங்கள். ஈரச் சீமெந்தில் பூனை கால் வைத்தது போல. எத்தனையோ தடவை இந்தக் கார் அவளைக் கடந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் அவள் பார்த்தது ஓட்டுகிறவனைத்தான். ‘இந்த இடத்தில் என் மகன் இருந்திருக்கலாமே’ என்று. விளக்கை எங்கே பார்த்தாள்?

“அம்மா?”

“வெளக்கு வேற மாதிரி இருக்குதுங்க.”

“என்னா வெளக்கு?”

“இது வட்டமா இருக்கு. அன்னைக்கு நெட்டுக்கு எரிஞ்சுச்சு. பின் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும், மேல இருந்து கீழ வரைக்கும். மாரியம்மன் தேருக்கு ரெண்டு பக்கமும் செவப்புத் துணி கட்டுவோமே, அந்த மாதிரி.”

“அம்மா, ஒங்களுக்கு அன்னைக்கு நிதானம் ஏது?” ரமேஸின் குரல் உயர்ந்தது. “பேரு பாண்டாதானே? பேரு சரியா இருக்குல்ல? வெளக்கு வட்டமா இருந்தா என்னா, சதுரமா இருந்தா என்னா?”

ஹபீல் போனைத் தட்டினார். பிறகு சார்ஜன்டிடம் சிங்களத்தில், “விளக்கைப் பற்றி அவங்களே சொன்ன பிறகுதான் காட்டுறேன், நீங்க சாட்சி” என்று சொல்லிவிட்டு, படத்தை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். சின்ன வெள்ளைக் கார். பின் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாய்ச் சிவப்பு விளக்கு.

“இதுதான். இது யாரு காரு?”

“யார்டயோ தெரியா. ஆனா இதுவும் பாண்டாதான். இது இத்தாலிக்காரன்ட பியட் கம்பனி செஞ்சது. அங்க நிக்கிறது சீனத்து வண்டி. ரெண்டு பேரும் வச்ச பேரு ஒண்டு.”

“வேற வேற கம்பனிக்காரன் ஒரே பேர வைப்பானா?”

“வைக்கிறதுதான். லான்சர் எண்டு ஜப்பான்காரனும் வச்சான், அமெரிக்காக்காரனும் வச்சான். அதுக்கு இதுட சாமான் பூட்டவும் ஏலா.”

“ஒலகத்துல பேருக்கா பஞ்சம்?” என்று முணுமுணுத்த தியாகராஜா, அவளைத் தகரக் கூரைக்குக் கீழே தனியாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, யோசிச்சுப் பேசு. அந்த இத்தாலிக் கார இனி யாரு தேடப் போறா? மழ கழுவிட்டுப் போயிருச்சு. நீ இது இல்லன்னு சொன்னா கேஸ் அப்படியே படுத்துக்கும். வீரையா அண்ணன் சாவுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்க மாட்டான். கையில இருக்கிறத விட்றாத.”

“கையில இருக்கிறது யாருண்ணே? ரத்தினம்மா மகன்.”

ரமேஸ் பின்னாலேயே வந்திருந்தான். “அப்ப அப்பாவ யாரும் கொல்லல. அப்படித்தானே?”

“கொன்னவன் இருக்கான்டா. இவன் இல்ல.”

“எப்பவும் ஒங்களுக்கு அவன்தானே ஒசத்தி!”

அந்தச் சொல்லுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததே அவள்தான். மகனின் முகத்தைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் இவன் தன்னோடு வீட்டுக்கு வருவான். நிரஞ்சனை மனதுக்குள் வைதுகொண்டே வயதைக் கழித்துவிடலாம். தலைவர் துணைக்கு நிற்பார், லயமே நிற்கும். வாயைத் திறந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள், கொன்றவனும் கூட.

ஆனால் கண்ணை மூடினால் அந்த நெட்டு விளக்குகள்தான் எரிந்தன. அவர் ரோட்டில் கிடந்தபோது அவள் கடைசியாகப் பார்த்த வெளிச்சம் அது. அதை மாற்றிச் சொன்னால் அவர் செத்ததையே மாற்றிச் சொன்ன மாதிரி.

சார்ஜன்டிடம் போனாள். “எழுதிக்கங்க சார். எங்க வூட்டுக்காரர அடிச்சது இந்தக் காரு இல்ல.”

சிங்களத்தில் எழுதியதை ஹபீல் தமிழில் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ரமேஸ் அங்கே இல்லை. கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டான், அங்கிருந்து கொழும்புக்குப் போகிறானாம் என்றார் தியாகராஜா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

நிரஞ்சன் அவளிடம் வந்தான். நன்றி சொல்ல வரவில்லை.

“இது பொலிசுக்குச் சொன்னது, அத்தை. எங்க அம்மா பைப்புக்குப் போக முடியாம, வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே கிடக்குது. லயத்துக்கு யாரு சொல்றது?”

அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என் வாயில வந்த வார்த்த, தம்பி. நானே சொல்றேன்.”

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில், கங்காணி பெயர் கூப்பிடும் முன்னே, ஜெயராணி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள்.

“நான்தான் பாண்டான்னு சொன்னேன். அந்தப் பேருல வேற கம்பனிக் காரு ஒன்னு இருக்கு. அடிச்சது அதுதான். என் கண்ணால அடையாளம் கண்டு எழுதிக் குடுத்துட்டேன். ரத்தினம்மா மகன் மேல குத்தம் இல்ல. இனிமே அவங்கள யாரும் ஒதுக்க வேணாம்.”

பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“அப்ப மாமாவ அடிச்சது யாரு?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படிக்கா? மனசு ஆறுமா?”

“ஆறாது” என்றாள் ஜெயராணி. “ஆனா தெரியாது.”

சொல்லி முடித்ததும் இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்ற கம்பு கையை விட்டுப் போனது போல இருந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள்தான் ரத்தினம்மா வேலைக்கு வந்தாள். மலையில் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்தபோது, ஓரத்து நிரையை எடுத்துக்கொண்டு தனியே ஏறினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயராணி போய் அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றாள்.

ரத்தினம்மா திரும்பவில்லை. ‘போ’ என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பறித்துக்கொண்டே ஏறினார்கள். பனி விலகி வெயில் வந்தது. தேத்தண்ணி நேரமும் வந்து போனது.

அதற்குப் பிறகு, குனிந்த தலை நிமிராமலே, ரத்தினம்மா சொன்னாள்:

“ஒன் கூடைக் கயிறு முறுக்கிக்கிட்டு இருக்குடி. எடுத்துச் சரியாப் போடு. கழுத்து வலிக்கும்.”