குலசாமிக்கு நேர்ந்த பங்க் முடி

குறும்படத்தில் நடிப்பது பாறை ஏற்றிய லாரியை ஓட்டுவதைவிடச் சிரமமான தொழில். கேமரா முன்னால் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பதினெட்டு முட்டை

என் இடுப்பு வலி தீர்ந்தால் குலசாமிக்கு மொட்டை போடுவதாகச் சம்சாரம் சரசு வேண்டிக்கொண்டாள். அதற்காக ஒன்றரை வருசம் வளர்த்த முடியைப் பார்த்துத்தான் பரமத்தி வேலூர் நிவேதா என்னைப் பிடித்தது. இஞ்சினியரிங் முடித்துவிட்டுப் படம் எடுக்கிற பிள்ளை. வருங்காலத்தில் ஞாபகம் தொலைத்த கிழவன் ஒருவன், மெஷினை மாட்டிக்கொண்டு காலத்தில் பின்னோக்கிப் போகிறான். இளமையில் தான் ஒரு பங்க் பாட்டுக்காரன் என்று கண்டுபிடிக்கிறான். இதுதான் கதை. "ஊரு பேச்சைக் கேக்காம கத்திப் பாடறவங்கதான் பங்க், தாத்தா" என்றது.

அந்தப் பாட்டுக்காரர்கள் மாதிரியே இரண்டு பக்கமும் வழித்து, நடுமுடியை வெள்ளைக்கரு தடவி நிமிர்த்தினார்கள். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? பதினெட்டு முட்டை, ஒரு சாண் உயரம். சரசு என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சாமிக்கு நேர்ந்ததுல பாதிய சினிமாவுக்குக் குடுத்துட்டீங்க. மிச்சம் ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்தாகோணும், சொல்லிப்போட்டேன்!"

பஸ்ஸில்

அந்தத் தலையோடு படப்பிடிப்புக்குப் பரமத்தி வேலூர் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். பின்னால் நின்ற அம்மா ஒருவர், கம்பி என்று நினைத்து வெற்றிலைப் பையை என் முடியில் மாட்டிவிட்டார். வேலூர் வரை முடி வளையவே இல்லை, சத்தியம். கண்டக்டர்தான் கண்டுபிடித்தார்.

"ஏனுங்க பெரியவரே, லக்கேஜ் ஏத்துனா தனி டிக்கெட்டுங்க!"

ஞாபக மெஷின்

முட்டை அட்டைகளை ஒட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்ததுதான் மெஷின். அதை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. மாட்டியதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பிரேக் பிடிக்காத லாரியை ஆத்தூரிலிருந்து சேலம் வரை ஹாரன் அடித்தே நிறுத்திய கதையைச் சொல்லி முடிக்க மதியச் சாப்பாடு ஆறிவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"உங்களுக்கு ஞாபகம் போகாதுங்க. எங்களுக்குத்தான் போயிரும் போல."

ரிவர்ஸ்

கடைசிக் காட்சி பாக்கி: கிழவனுக்கு இளமை திரும்ப வேண்டும். சனிக்கிழமை பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் கேமராவை வைத்ததும் கொட்டியது மழை. வெள்ளைக்கரு வழிந்து வாய்க்குள் போனது, முடி படுத்துவிட்டது, படப்பிடிப்பு நின்றது. அந்தக் காட்சி இல்லாவிட்டால் நிவேதாவின் ஒரு வருச உழைப்பும் வீண். சரசுவோ மொட்டைக்குக் குறித்த நாளை மாற்ற மாட்டாள்.

ஞாயிறு காலை கோயிலில் தலையை நனைத்து உட்கார்ந்தேன். நாவிதர் கத்தியைத் தீட்டினார். நிவேதா கேமராவைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி ஓரமாக நின்றது. சரசுவுக்கு மனசு கேட்கவில்லை.

"அழுவாத சாமி. இவரு நாப்பது வருசம் லாரிய ரிவர்ஸ் எடுக்கலையா? மொட்டை அடிக்கறதைப் புடிச்சு, பின்னாலயிருந்து ஓட்டு. வுழுந்த மசுரெல்லாம் தலைக்கு ஏறும், மனுசன் எளந்தாரி ஆயிருவாரு!"

நிவேதா குதித்தே விட்டது. இப்போது படத்தில், தரையில் கிடக்கும் நரைமுடி கொத்துக் கொத்தாக எழுந்து என் தலையில் வந்து நிற்கிறது. அதைத் திரையில் பார்த்த சரசு என் பக்கம் திரும்பினாள்.

"படத்துலயாச்சும் லச்சணமா இருக்கறீங்க."

ஆக, இளமை திரும்புவதற்குப் பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். கத்தி வெட்டிவிடாதபடி முக்கால் மணி நேரம் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.