கண்ணகை ஒட்டிய கண்ணாடி மாடி

கண்ணகை நாலு வருடம் டுபாயில் ஒரு வீட்டில் சட்டி கழுவியவள். அந்த வீட்டுக் குசினி ஜன்னலுக்கு நேரே, அடுக்கடுக்காய் மேகத்துக்குள் போகும் கண்ணாடி மாடி ஒன்று நின்றது. அடி உதை தவிர அங்கே அவளுக்குக் கிடைத்தது அந்தக் காட்சிதான்.

சொந்த ஊர் வாகரைக்குத் திரும்பிய மறுமாதம் கடல் ஊருக்குள் ஏறியது. புருஷன் சீனித்தம்பியைப் பின்வளவுப் பனையில் அறைந்து கொன்றது. அவன் கழுத்தில் அலுமாரிக் கண்ணாடி ஏறியிருந்தது. வீட்டில் மிஞ்சியது கடலைப் பார்த்த ஒற்றைச் சுவர். மணலெல்லாம் கண்ணாடி, நடந்தவர் கால் கிழிந்தது. அவள் எல்லாவற்றையும் கடகத்தில் பொறுக்கி வந்து, சுவரில் சீமெந்து அப்பி, அந்த மாடியின் உருவாய்ப் பதித்தாள். டுபாய் மாடி வாகரையில் எழும்பியது.

"என்னகா இது? புருஷனக் கொன்ற கண்ணாடிக்குப் பூசையா?" என்றாள் மச்சாள் அன்னப்பூரணி.

"மணலுல கிடந்தா உன்ட கால வெட்டும். சுவருல கிடந்தா உன்ட மூஞ்சியக் காட்டும். எதுக்குகா பயப்பிடுறாய்?"

வெயில் பட்டால் சுவர் கடலுக்குள் வெகுதூரம் மின்னியது. மீன்பிடிக்காரருக்கு அதுவே குறி. மாடியும் பின்னால் நின்ற பனையும் ஒரே நேர்கோட்டில் வந்தால் பாறைகளுக்கிடையே வழி; கொஞ்சம் விலகினாலும் வள்ளம் சிதறும்.

இரண்டு வருடத்தில் சண்டை வந்தது. கடலில் நின்ற பீரங்கிப் படகுகளுக்கும் அந்த மினுக்கம்தான் குறி. முதல் ஷெல் கிணற்றடியில் இருவரைக் கிழித்தது. அடுத்தது சுவருக்குப் பக்கத்தில். சுவரடியில் பதுங்கத் தோண்டிய பங்கர், உள்ளே பதினொரு பேர்.

"உடைகா அந்தச் சனியன!" பங்கருக்குள் கிடந்து கத்தினாள் அன்னப்பூரணி.

"கடலுக்குப் போன நிஷாந்த் இன்னும் கரைக்கு வரல்ல. உடைச்சா என்ட புள்ள பாறையில போயிருவான்."

"உடைக்காட்டி என்ட புள்ளையள் இதுக்குள்ள போயிரும்!"

கண்ணகை கோடாலியை எடுத்தாள். வெட்ட வெட்டச் சில்லுகள் அவள் முகத்தைக் கீறின. உச்சியில் இருந்த பெரிய துண்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். திரும்பிப் பனையைப் பார்த்து, சுவருக்கு நேரே நின்று, கண்ணாடியைத் தலைக்குமேல் பிடித்தாள்.

ஷெல் இப்போது அவளைத் தேடியது. ஒன்று தண்ணீரில். ஒன்று மணலில். மூன்றாவது அவள் இடக்கையை முழங்கையோடு கொண்டுபோனது. வலக்கை இறங்கவில்லை.

வள்ளம் பாறைகளுக்கிடையே நுழைந்தது. நிஷாந்த் குதித்து ஓடிவந்து, உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அவள் கையை இறுக்கிக் கட்டினான்.

"அம்மா, மாடி எங்கம்மா?"

"உடைச்சிட்டன் மனே. இந்தக் கண்ணாடியப் புடுங்கி மணலுல கவிட்டு வை, கெதியா. மினுங்கினா அடுத்த ஷெல் வரப்போகுது."