இரு முழங்காலிலும் உறை

என் மகள் தன் ஆட்டக்காலத்தின் பிற்பகுதி முழுவதும் இரு முழங்காலிலும் கறுப்பு உறை அணிந்தே களம் இறங்கினாள். பழுதுபட்டது இடக்கால் ஒன்றுதான். நலமாயிருந்த வலக்காலுக்கு உறை எதற்கு என்று நான் ஒருமுறை வினவினேன். காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவள் தலைநிமிராமலே, "எந்தக் காலுண்ணு எதிர்ல நிக்கவளுக்குத் தெரியப்பிடாதுப்பா. தெரிஞ்சா அந்தப் பக்கமாட்டே தள்ளுவா" என்று விடை சொன்னாள்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கூடைப்பந்தில் எனக்கிருந்த அறிவு, பந்து வளையத்துள் விழுந்தால் புள்ளி கூடும் என்ற அளவினது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, எல்லையோரத்துக் கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னே, தென்னைகளுக்கு நடுவில் ஒரு கம்பத்தை நட்டு வளையம் மாட்டியவள் அவளே. பந்து விழுந்து விழுந்து அவ்விடத்தில் புல் முளைப்பது நின்றுபோயிற்று. பெண் வளர்கிறாளா, தென்னை வளர்கிறதா என்று அயலார் கேலி பேசும் உயரம் அவளுக்கு. அந்த உயரத்தை முன்னிட்டே அரசு சார்ந்த ஒரு வாரியம் தன் மகளிர் அணிக்கு அவளை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

ஒப்பந்த ஆட்டக்காரியின் நிலையை இங்கே விளக்கிவிட வேண்டும். அணிக்காக ஆடும்வரைதான் அவள் வாரியத்தின் ஊழியர். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறும். ஆட இயலாதவளுக்குப் புதுப்பிக்கப்பெறாது. மாநில அணிக்குத் தேர்வு பெற்று நாட்டளவிலான போட்டியில் ஆடியவளுக்கு நிலைப்பணி உண்டு. அதன்பின் கால் ஒடிந்தாலும் மேசையும் நாற்காலியும் அவளை விட்டுப் போகா. ஆகவே அந்தப் பெண்கள் அனைவரும், மூட்டு தேய்வதற்குள் மாநில அணியை எட்டிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அவ்வாறே ஓடினாள். அவளோடு அதே ஆண்டில், அதே ஒப்பந்தத்தில் சேர்ந்தவள் வெள்ளறடையைச் சேர்ந்த ஒரு பெண். பள்ளி நாள் முதல் இருவரும் ஒரே பேருந்தில் போய் ஒரே களத்தில் ஆடியவர்கள். அவள் எங்கள் வீட்டில் உண்டும் உறங்கியும் வளர்ந்தவள். என்னை மாமா என்றும் என் மனைவியை மாமி என்றும் அழைப்பாள்.

பயிற்சியின்போது ஒருநாள் என் மகள் எம்பி இறங்குகையில் இட முழங்காலினுள் ஏதோ தெறித்தது. திருவனந்தபுரத்திலிருந்து தொடர்வண்டியில் பாறசாலைக்கு வந்திறங்கியபோது அவள் தோழியின் தோளில் தொங்கியபடி நடந்தாள். முழங்கால் பப்பாளிக்காய்போல் வீங்கியிருந்தது. அணியின் மருத்துவர், மூட்டைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்றும், உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்திருந்தால் அறுவை தவிர வேறு வழியில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அறுவை என்றால் ஓராண்டு படுக்கையும் பயிற்சியும். ஓராண்டு என்றால் ஒப்பந்தம் போயிற்று. இதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வழி காட்டியவள் தோழியே. அவள் தாயுடன் பிறந்த மாமன், வெள்ளறடைக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வர்மமும் எலும்பு முறிவும் பார்க்கும் ஆசான். எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தவன் முதலில் நாடுவது அத்தகைய ஓர் ஆசானைத்தான். அதில் படித்தவன், படியாதவன் என்ற வேற்றுமை இல்லை.

ஆசான் முழங்காலை இரு கைகளாலும் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"கொறச்சு நாள் கெடக்கணும் மக்கா. சாடிக் குதிச்சு நடக்கப்பிடாது."

"எப்பம் பந்து களிக்கலாம் ஆசானே?" என்று என் மகள் கேட்டாள்.

"அத நான் சொல்லுவேன். நீ சொல்லாண்டாம்."

அவருடைய எண்ணெய்க்கும் பச்சிலைக் கட்டுக்கும் வீக்கம் வற்றியது. நடை திரும்பியது. உடன்பிறந்தவள் மகளின் தோழி என்பதால் அவர் எங்களிடம் கைநீட்டி எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. கட்டவிழ்க்கும் நாளில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் காலைத் தொட்டு வணங்குவது எங்கள் முறை. அவ்வணக்கத்தோடு நோய் தீர்ந்ததாகவே கொள்ளப்பெறும். அதன்பின் வலி என்று வாய் திறப்பது ஆசானைப் பழிப்பதாகும். வேறு மருத்துவரை நாடுவது அதனினும் பெரிய அவமதிப்பு. காசு வாங்காமல் பார்த்தவரிடம் அது இன்னும் கூடாத செயல்.

என் மகள் வணங்கி எழுந்தாள். எழும்போது சுவரைப் பற்றினாள்.

"வலி உண்டா?" என்று ஆசான் கேட்டார்.

"இல்ல ஆசானே."

வாயிலருகே நின்ற தோழி அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பும் பேருந்தில் இருவரும் முன்னிருக்கையில் அமர்ந்து, ஆசான் வீட்டு நாய் என் வேட்டியை மோந்து பார்த்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வாரமே இரண்டு உறைகளும் வாங்கப்பெற்றன. எழுந்து குதிக்கும்போது வலிக்கவில்லை என்றும், இறங்கும்போது மட்டும் மூட்டு தன் இடத்தை விட்டு வழுவுவதுபோல் இருக்கிறது என்றும் என் மகள் தன் தாயிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தாய், "ஆசானிட்ட கேக்கட்டா?" என்று கேட்டிருக்கிறாள். "வேண்டாம்மா. அவளுக்க மாமன் என்ன நெனைப்பாரு" என்பது மகளின் விடை. நார் அறுந்த மூட்டில் வலி போனபின்னும் அறுந்த நார் அறுந்தபடியே இருக்கும் என்பதை நாங்கள் பின்னர் ஒரு மருத்துவமனையில் அறிந்தோம். ஆசான் பொய் சொன்னவர் அல்லர். அவர் கைக்கு எட்டியதை அவர் தீர்த்தார். எட்டாதது உள்ளே இருந்தது.

இவ்வாறு ஒரு பருவம் ஓடியது. அவள் இடக்காலில் இறங்குவதைத் தவிர்க்கப் பழகிக்கொண்டாள். கூடையை நோக்கி எம்பும்போதெல்லாம் எதிரியின் உடம்பின் மேல் சாய்ந்து, அந்த மோதலையே ஊன்றுகோலாக்கி, வலக்காலில் வந்திறங்குவாள். பயிற்சியாளர் அதை அவளது துணிவு என்று புகழ்ந்தார்.

மாநில அணிக்கான தேர்வு முகாம் வந்தது. முகாமின் இறுதி நாளில், வந்திருந்த பெண்களை இரு பிரிவாக்கித் தேர்வாளர்கள் முன்னிலையில் ஆடச் செய்தார்கள். என் மகளை மறிக்கும் பொறுப்பு எதிர்ப்பிரிவில் இருந்த அந்தத் தோழிக்கு அளிக்கப்பெற்றது. பார்வையாளர் படிக்கட்டில் நானும் இருந்தேன். எனக்குத் தெரிந்தவரையில் என் மகள் நன்றாகவே ஆடினாள். இடைவேளையில் தண்ணீர்க் குப்பியோடு என் பக்கம் வந்தவள், "கிட்டும்பா" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். தோழி குறுக்கே நின்றாள். இருவரும் மோதியதாகவே எனக்குத் தோன்றியது. என் மகள் எம்பினாள். பந்து கூடையில் விழுந்தது. அவள் தரையில் விழுந்தாள். அந்த ஓசை படிக்கட்டுவரை கேட்டது. அவள் அலறவில்லை. முழங்காலை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஓசையின்றிக் கிடந்தாள். தோழி பக்கத்தில் மண்டியிட்டு அவளைத் தொட அஞ்சியவளாய்க் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாநில அணிப் பட்டியலில் தோழியின் பெயர் இருந்தது.

ஊருக்கு இவ்வளவு போதாதா? வீட்டுக்கு வந்த மறுநாள், முச்சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "சாறே, கூட்டுகாரி தள்ளியிட்டதாணோ? ஸ்தானத்துக்கு வேண்டியாக்கும், இல்லியா?" விடை எனக்கும் தெரியாது. என் மனைவிக்கு ஐயமே இருக்கவில்லை. எந்தக் கால் என்பதை அறிந்த ஒருத்தியே மறித்து நின்றாள், அந்தக் காலே முறிந்தது. இதற்குமேல் சான்று வேண்டுமா என்பது அவள் வழக்கு.

அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருந்த வாரத்தில் தோழி வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். என் மனைவி வாயிற்படியை விட்டு அசையவில்லை.

"சோலி கிட்டியாச்சுல்லா. இனி எதுக்குட்டி வந்த? மத்தக் காலும் உண்டாண்ணு பாக்கவா?"

"மாமி…"

"மாமியா? இந்த வீட்டுச் சோறு தின்ன கையி அது. அந்தக் கையாலதான தள்ளினே."

அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். உள்ளே கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த என் மகளின் குரல் வந்தது.

"அம்மா, அவ என்னத் தொடல்ல."

"நீ சும்மா கெட."

"தொடல்லண்ணு சொல்லுகேன்லா. அவ பொறத்தால மாறினா. எனக்கு வழி விட்டா."

முற்றத்தில் நின்றவள் அப்போதுதான் அழுதாள். அழுகையினூடே சொன்னவற்றைக் கோத்துப் பார்த்தபோது நடந்தது விளங்கியது. ஆசான் வீட்டில் சுவரைப் பற்றிய கையை அவள் மறக்கவில்லை. வலி தீரவில்லை என்று தெரிந்தும், தன் மாமனின் பெயருக்கு இழுக்கு வரும் என்று வாளாவிருந்தாள். மறிக்கும் பொறுப்பு தன்மேல் விழுந்தபோது, மோதினால் அந்தக் கால் தாங்காது என்று அஞ்சினாள். ஆகவே இறுதிக் கணத்தில் ஓரடி பின்வாங்கினாள். என் மகளின் உடம்போ மோதலை நம்பி எழுந்தது. சாய்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் சாய்ந்து, முழு எடையும் இடக்காலின்மேல் வந்திறங்கிற்று.

"நீ அங்க நிப்பேண்ணு நெனச்சேன்" என்று உள்ளிருந்து மகள் சொன்னாள். குரலில் சினம் இல்லை. "எப்பமும் நிப்பியே."

"உனக்கு வலிக்கும்ணு…"

"வலிச்சிட்டுப் போட்டும் எட்டி. நீ நிண்ணிருக்கணும்."

என் மனைவி படியிலிருந்து விலகி அடுக்களைக்குள் போனாள். நெடுநேரம் கழித்து ஒரு குவளை தேநீரைக் கொண்டுவந்து திண்ணையின்மேல் வைத்தாள். அந்தப் பெண் அதைக் குடிக்காமலே கடைசிப் பேருந்துக்குப் போனாள்.

அறுவை முடிந்தது. தொடையின் தசைநாண் ஒன்றை எடுத்து மூட்டுக்குள் பொருத்தினார்கள். எதிர்பார்த்தவாறே அவ்வாண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பெறவில்லை. அவள் விட்டுவிடவில்லை. மழையிலும் வெயிலிலும் ரப்பர்த் தோட்டத்துச் சாலையில் நடந்தாள், பிறகு ஓடினாள், வேறோர் ஊரின் தனியார் அணியில் ஒரு பருவத்துக்கு இடம் பெற்றாள். பழுதுபட்ட காலைக் காப்பதற்காக நல்ல காலையே மிகுதியும் ஊன்றியதால் வல மூட்டின் குருத்தெலும்பு கிழிந்தது. இரண்டாம் அறுவைக்குப் பின், இனிக் குதித்தால் நாற்பது வயதில் நடக்க இயலாது என்று மருத்துவர் அவளிடமே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். மீண்டும் ஒருமுறை ஆடிப் பார்த்தாள். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் பின்புறத்துக் கம்பத்திலிருந்து வளையத்தைக் கழற்றச் சொன்னாள். ஆள் வைத்துக் கழற்றினோம்.

இப்போது அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். விற்பனைப் பிரிவில் நாள் முழுவதும் நிற்க வேண்டும். அது அவளால் ஆகாது. வீட்டுப் படிகளில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறாள். ஆடிய காலத்து நிழற்படங்கள் எதுவும் சுவரில் இல்லை. அவள் வேண்டாம் என்றாள்.

சென்ற மாதம் நாட்டளவிலான போட்டியைக் கைப்பேசியில் காட்டினார்கள். அவளாகவே என்னை அழைத்துப் பக்கத்தில் அமர்த்தினாள். மாநில அணியில் தோழி ஆடிக்கொண்டிருந்தாள். பழைய மென்மை எதுவும் அவளிடம் இல்லை. தன்னை நோக்கிப் பாய்ந்து வந்தவர்களின் முன்னே சுவர்போல் நின்றாள். ஒருத்தி அவள்மேல் மோதிச் சுருண்டு விழுந்தபோது குனிந்து கைகொடுக்கவும் இல்லை. வருணனையாளர் அவளைக் கடுமையானவள் என்றார்.

"இப்பம் செரியா நிக்கா" என்றாள் என் மகள்.

திரை சற்று நெருங்கிக் காட்டியபோது நான் அதைக் கண்டேன். தோழியின் இரு முழங்காலிலும் கறுப்பு உறைகள் இருந்தன. முன்பு அவள் உறை அணிந்து நான் பார்த்ததில்லை. அவள் இன்றும் மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவள். இருவரும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்.

"அவளுக்கு எந்தக் கால்?" என்று கேட்டேன்.

என் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கிட்டயும் சொல்லல்லப்பா" என்றாள். பிறகு, "சொல்லப்பிடாது" என்றாள்.