என் மகளுக்கு நான் தங்கச்சி

குங்பூ படிக்கப் போனால் முதல் மாதங்களில் ஒருத்தருக்கும் அடிக்க விடமாட்டார்கள், சும்மா நிற்கத்தான் விடுவார்கள். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்கித் திரிகிற அம்மாமாருக்கு இது புதிதில்லை. பனிக்குள் வாசலில் நிற்பதில் நாங்கள் எல்லோரும் எப்போதோ பாஸ்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். மகள் அபிக்கு ஆறு வயது. வீட்டில் வாய் மூடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் செப்டெம்பரிலிருந்து ஒரு சொல் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு முன் கதைக்காவிட்டால் தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடமொன்றில் தனி வகுப்புக்கு அனுப்ப வேண்டிவரும் என்று கடிதம் வந்தது. குங்பூவில் எல்லோரும் கத்துவார்கள், அங்கே விட்டால் இவளும் கத்துவாள் என்பது என் கணவரின் கண்டுபிடிப்பு.

நல்லாய் நிக்கிறாள்

மெட்ரோவுக்குக் கிட்ட, டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் அந்தக் குங்பூப் பள்ளி. மாஸ்ரர் சீனாவில் ஒரு பழைய குங்பூப் பள்ளியில் பதினொரு வருடம் தங்கிப் படித்தவர். அங்கே என்ன முறையோ இங்கேயும் அதே முறை.

முதல் சனிக்கிழமை அபி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றாள். நான் சுவரோர வாங்குப் பலகையில் இருந்தபடி வெட்கத்தில் உருகினேன். வகுப்பு முடிய மாஸ்ரர் வந்தார். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அவரோ கொப்பியில் அவளின் பெயரை எழுதிவிட்டுச் சொன்னார்: "நல்லாய் நிக்கிறாள். மற்ற ஆக்களுக்கு இப்பிடி நிக்கப் பழக ஒரு வருசம் எடுக்கும். வாற கிழமை நீங்களும் வாங்கோ."

ஆர் அக்கா

வந்து வாங்கில் இருக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை என் கையில் ஒரு கறுப்புக் காற்சட்டையைத் தந்தார். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம், போட்டுக்கொண்டேன்.

அங்கே வயதைப் பார்ப்பதில்லை. முந்திச் சேர்ந்தவர் அண்ணன், அக்கா. பிந்தி வந்தவர் தம்பி, தங்கச்சி. கொப்பியில் அபியின் பெயர் எனக்கு ஒரு கிழமை முந்தி இருக்கிறது. ஆகவே அவள் எனக்கு அக்கா. பொத்திய வலக்கையை இடக்கையால் மூடி, அவளுக்கு முன்னால் நான் தலை குனிய வேண்டும். நான் பெற்றதுக்கு நானே குனிந்தேன். அவள் சிரிக்கக்கூட இல்லை, பெரிய மனுசி மாதிரித் திருப்பிக் குனிந்தாள். வீட்டில் இதைச் சொன்னபோது கணவரும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "அப்ப அவளுக்கு நான் என்ன முறை?"

நான் கொளுத்திய ஊதுபத்தி

சுவரில் ஒரு தாடிக்காரரின் படம், அதற்கு முன்னால் ஊதுபத்தி. சாமிப்படம் என்று நினைத்து நான் ஒவ்வொரு கிழமையும் கும்பிட்டேன். அது மாஸ்ரரின் மாஸ்ரராம்.

ஒருநாள் எல்லோரும் குதிரையில் இருக்கிறது மாதிரி முழங்காலை மடித்து நிற்கிறோம். மாஸ்ரர் விரல் நீளத்துக்கு ஒரு ஊதுபத்தியை முறித்துக் கொளுத்தி வைத்துவிட்டு, கீழே பால் வாங்கப் போனார். படத்துக்குக் கிட்ட நின்றவள் நான். பத்தி முடியப்போகிறது. படத்துக்கு முன்னால் அணைய விடலாமா? மெல்லப் போய் ஒரு முழுப் பத்தியை எடுத்துக் கொளுத்திக் குத்திவிட்டு வந்து பழையபடி நின்றேன். பத்தி எரிந்து முடியும்வரை நிற்க வேண்டும், அதுதான் அங்கே மணிக்கூடு என்று எனக்கு ஆர் சொன்னது? நிற்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதும் முறை. அதனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருடைய தொடையும் நடுங்கியது. மாஸ்ரர் வந்து பத்தியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

பத்தி முடிய எல்லோரும் நிலத்தில் விழுந்தோம். எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன் லூக். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் அப்பாவின் வயது. என் பக்கம் தவழ்ந்து வந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தங்கச்சி, எங்களோட உமக்கு என்ன கோவம்?"

பத்து வரைக்கும்

மே மாதம் மாஸ்ரர் எங்களைச் சோடி சோடியாகப் பிரித்தார். தங்கச்சி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், அக்கா பத்து வரை சத்தமாக எண்ண வேண்டும். எண்ணி முடிக்காமல் காலை இறக்கக் கூடாது. எந்தப் பாஷையிலும் எண்ணலாம் என்றார்.

நான் காலைத் தூக்கினேன். அபி என்னைப் பார்த்தாள். அவளின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் விழுந்தேன். அடுத்த கிழமையும் விழுந்தேன். பள்ளிக்கூடம் முடிய ஐந்து கிழமைதான் இருந்தது. சொல்லு பிள்ளை என்று கெஞ்சலாம் என்றால் தங்கச்சி முதலில் வாய் திறக்கக் கூடாதாம். மூன்றாம் கிழமை முழங்கால் அடிபட விழுந்து, எழும்ப மனமில்லாமல் அப்படியே இருந்துவிட்டேன். அழுகை வந்தது. முழு மண்டபமும் பார்க்கிறது. அபி கிட்ட வந்தாள்.

"எழும்புங்கோ அம்மா. நான் எண்ணுறன். காலைத் தூக்குங்கோ."

எழும்பினேன். ஒண்டு என்றாள். ரெண்டு என்றாள். ஏழில் என் கால் ஆடியது. அவள் நிறுத்தி, நேராய் நில்லுங்கோ என்று அதட்டிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். கீழே டெப்பனர்க்காரருக்கும் கேட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்து ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். அபி கதைத்துவிட்டாள் என்றார், தனி வகுப்புக் கதை இனி இல்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஆனா மேடம், சாப்பாட்டு வரிசையில இருவது பிள்ளையளை ஒற்றைக்காலில நிப்பாட்டி வச்சு உங்கட பாஷையில என்னவோ கத்துறா. எப்ப காலை இறக்கலாமெண்டு எங்களுக்கு விளங்கேல்லை."

குங்பூ என்றால் என்னவென்று ஆராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மகள் கதைக்கிறாள், எனக்குத் தொடை நோகிறது, இடையில் நடந்தது மாஸ்ரருக்குத்தான் வெளிச்சம்.